டீசல் மூடியில் ஒரு ஊசித்துளை

ஆறு விரல் இறங்க வேண்டிய டீசல் அன்றைக்கும் எட்டு விரல் இறங்கியிருந்தது.

அவள் வீட்டுக்காரர் குச்சியை டேங்குக்குள் விட்டு எடுத்து, நனைந்த இடத்தில் கட்டை விரலை வைத்து, நேற்றுச் சாயங்காலம் போட்ட சாக்பீஸ் கோட்டிலிருந்து விரல் விரலாக எண்ணினார். துடைத்துவிட்டு மறுபடியும் விட்டார். குச்சிக்கு என்ன மாமனா மச்சானா, ஆள் பார்த்துப் பேச? இரண்டாம் தடவையும் எட்டுதான்.

"பாத்தியா?" என்றார்.

அவள் பார்க்கவில்லை. பால் கேனுக்குள் தோள்வரைக்கும் கையை விட்டு அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேனின் அடி மடிப்பில்தான் பழைய பால் ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒரு பிசிறு இருந்தாலும் மறுநாள் கேன் பூராவும் திரிந்துவிடும். சோடா கலந்த சுடுதண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல் நுனியெல்லாம் எப்போதும் வெளுத்துச் சுருங்கியே கிடக்கும்.

"இருபது நாளா பாத்துக்கிட்டேதான் இருக்கேன். நீங்க சாப்பிட்டீங்களா, அதைச் சொல்லுங்க."

"ரெண்டு விரல்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு? ஒரு வாளி. தினமும் ஒரு வாளி டீசல் எவன் வயித்துக்குள்ளயோ போகுது."

"குடிச்சவன் இந்நேரம் ஸ்டார்ட் ஆகி ஓடியிருப்பான். வாங்க, சோறு ஆறுது."

"விளையாடாத" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

வண்டி ஒரு சின்ன லாரி. பால் கறக்கிற வீடுகளுக்குப் போய் கேன் கேனாக ஏற்றிக்கொண்டு, மலையடிவார ஏற்றத்தைத் தாண்டி, டிப்போவில் இறக்க வேண்டும். நாளுக்கு இரண்டு நடை. விடியற்காலை நடை அவருடையது. மத்தியான நடை அவள் தம்பியுடையது. தம்பி மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் கூப்பிட்டுத்தான் வந்தான். முன்பக்க அறையில் இருக்கிறான். அக்காள் கையால் சாப்பாடு, மாமன் வண்டியில் வேலை என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, டீசல் குறைகிறவரைக்கும்.

அதற்கப்புறம் அவர் ஒரு இடத்தில் உட்கார்ந்து அவள் பார்க்கவில்லை. டீயைக் கையில் வாங்குவார், நடந்துகொண்டே குடிப்பார், டம்ளரை வண்டியின் மட்கார்டில் வைத்துவிட்டு வந்துவிடுவார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் இரண்டு வாய் போனதும் காதைத் தீட்டிக்கொண்டு, "வண்டிகிட்ட யாரு?" என்பார். யாரும் இருக்க மாட்டார்கள். காற்றுக்குத் தார்ப்பாய் படபடத்திருக்கும்.

முதலில் சாவி போட்டுப் பூட்டுகிற மூடி ஒன்று வாங்கி வந்து மாட்டினார். டீசல் குறைந்தது. அப்புறம் டேங்கின் கழுத்துக்குள் கம்பி வலை வைத்தார், குச்சி போக மட்டும் வழி விட்டு. குறைந்தது. அப்புறம் கதவுக்கும் ஜன்னலுக்கும் கிராதி செய்கிறவரிடம் கொண்டுபோய் டேங்கின் மேல் இரும்புப் பட்டை வைத்துப் பற்ற வைத்துக்கொண்டு வந்தார். அதைப் பார்த்துவிட்டு எதிர்ச் சாரி டீக்கடைக்காரர், "ஒட்டியாணம் போட்டாச்சு, காதுக்கு ஒரு கம்மல் மட்டும்தான் பாக்கி" என்று சொல்ல, கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பு தாங்காமல்தான் அவரும் வாயை விட்டார். "வீட்டுக்குள்ளேயே எலி வளர்ந்தா வாசல்ல பூட்டு என்னய்யா பண்ணும்?" என்றார். அத்தனை பேர் நடுவில். சொன்னதுக்குக் கடை சிரிக்கவில்லை என்று கேள்வி.

கடைசியாக அவள் சீப்பிலிருந்து ஒரு தலைமுடியை எடுத்து, மூடிக்கும் கழுத்துக்கும் குறுக்கே கிரீஸ் தொட்டு ஒட்டினார். சாயங்காலம் வந்து பார்த்தால் முடி ஒட்டினபடியே இருக்கிறது. டீசல் இரண்டு விரலைக் காணோம்.

அன்றைக்கு ராத்திரி அவர் தூங்கவே இல்லை. பட்டினிக்காரன் சோற்றை நினைக்கிற மாதிரி அந்த மூடியையே நினைத்துக்கொண்டு கிடந்தார்.

மறுநாள் காலை நடை முடித்து வந்ததும் மூடியைக் கழற்றி, துணியால் துடைத்து, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தவர் திடீரென்று கத்தினார்.

"கண்டுபிடிச்சிட்டேன்!"

அப்போது தம்பி மத்தியான நடைக்குப் புறப்படுமுன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சோறு, பருப்பு, ஒரு முட்டை. முட்டையைக் கடைசிக்கென்று தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தான். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அவர் உள்ளே வந்து அவன் முன்னால் நின்றார்.

"மாப்ள, இது என்ன?"

"மூடி மாமா."

"மூடின்னு எனக்கும் தெரியும். இது என்ன?" மூடியின் நடுவில், சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில், நகத்தால் தொட்டுக் காட்டினார். ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை.

தம்பி குனிந்து பார்த்தான். "ஓட்டை மாதிரி இருக்கு."

"மாதிரியா? ஓட்டையேதான். முடி அறுபடாம எப்படி எடுத்தான்னு இப்பத் தெரியுது."

"கடையில வாங்குறப்பவே இருந்திருக்கும் மாமா."

"ஒழுகுற குடத்தை எவனாவது கடையில வச்சு விப்பானா? பூட்டு செய்றவன் ஓட்டையும் சேர்த்தா செய்வான்?"

"இந்த ஓட்டையில எறும்பு போனாலே இடுப்பு ஒடிஞ்சிடும். இதுல டீசல் எப்படி வரும்?"

"ஆஸ்பத்திரியில மருந்து ஏத்துற ஊசி போகும்ல? குழாய மாட்டி உறிஞ்சினா வராதா?"

"ஒரு வாளியை ஊசியில உறிஞ்சணும்னா இன்னைக்குக் குத்தவச்சா நாளைக்குத்தான் எழுந்திருக்கணும். அப்புறம் பாலை யார் எடுக்குறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தாள், மூக்கு வழியாக வந்துவிட்டது. அது பொல்லாத சிரிப்பாகப் போயிற்று.

"சிரி" என்றார் அவர். "அக்காளும் தம்பியும் சேர்ந்தே சிரிங்க. இந்த மூடிக்கு ரெண்டு சாவி. ஒண்ணு எங்கிட்ட இருக்கு. இன்னொண்ணு யாருகிட்ட இருக்கு?"

அடுப்பில் கேனுக்கு வைத்த தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

தம்பி தட்டைத் தள்ளினான். முட்டை அப்படியே இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மாமன் முன்னால் வைத்தான்.

"பங்க்ல டீசல் போடறப்ப வேணும்னு நீங்கதான் குடுத்தீங்க. நீங்களே வச்சுக்கோங்க மாமா. டீக்கடையில எலின்னு சொன்னீங்களாமே. என் காதுக்கும் வந்துச்சு. மாமா வேற ஏதோ எலியைச் சொல்றாருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அவன் வெளியே போனதும் அவள் பிடித்துக்கொண்டாள். "வாயா அது? ஒரு சோத்துப் பருக்கையைக் கேட்காம எடுக்காத பய அவன்."

"எனக்கு மட்டும் ஆசையா? கணக்குப் பாரு. மூடி பூட்டியிருக்கு, பட்டை அடிச்சிருக்கு, வெளியாள் எப்படி எடுப்பான்?" அவர் குரல் இறங்கியது. "திங்கக்கிழமையிலருந்து வேற டிரைவர் வர்றான். பேசிட்டேன். இவனை எங்கயாவது வேலை பாத்துக்கச் சொல்லு. நான் சொன்னா நல்லா இருக்காது."

"இந்த வீட்டுலருந்து திருடன்னு பேரு வாங்கிக்கிட்டா அவன் போகணும்? நாளைக்கு எவன் அவன் கையில வண்டி சாவியைக் குடுப்பான்? வர்றப்ப கூப்பிட்டது நீங்கதானே. போகவும் நீங்களே சொல்லுங்க. என் வாயில வராது."

இரண்டு வில்லையாக வருமே, சேர்த்துப் பிசைந்தால் கல்லாக இறுகுகிற பசை, அதை அவர் பிசைந்து துளையின் மேல் அப்பி, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார். மூடியை மாட்டிப் பூட்டினார். இரண்டு சாவியையும் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

தம்பி வண்டியை எடுத்தான். நம் கோபதாபத்துக்கு மாட்டு மடி காத்திருக்காது. பால் சுரந்தால் கறக்க வேண்டும், கறந்தால் எடுக்க வேண்டும். வண்டி தெருமுனை திரும்புகிறவரைக்கும் அவள் கேனைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

வெயில் சரியத் தொடங்குகிற நேரத்தில் போன் வந்தது.

"அக்கா, மாமாகிட்ட குடு. வண்டி நின்னுடுச்சு, ஏத்தத்துல."

அவர் பிடுங்கினார். "டீசல் தீர்ந்துடுச்சா?"

"முக்கால் டேங்க் காட்டுது முள்ளு. அடிவாரத்துலயே இழுவை கொறஞ்சுது. அப்புறம் விக்கல் எடுத்தவன் மாதிரி வெட்டி வெட்டி நின்னுடுச்சு. சக்கரத்துக்குக் கல்லு வச்சிருக்கேன். பதினாலு கேனும் மேலதான் இருக்கு மாமா. வெயில் நேரா அடிக்குது."

"என்னத்தைப் பண்ணித் தொலைச்சியோ" என்று சொல்லிக்கொண்டே அவர் சட்டையைத் தேடினார்.

மெக்கானிக்குக்கு அந்தப் பக்கத்தில் நட்டு என்று பெயர். எதைக் கழற்றினாலும் நட்டை வாயில் போட்டுக்கொண்டுதான் வேலை பார்ப்பான். அவனுடைய மூன்று சக்கர வண்டியிலேயே புறப்பட்டார்கள். அவளும் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு?" என்றார் அவர்.

"உங்க ரெண்டு பேரையும் தனியா விட்டா அங்க பால் மட்டுமா திரியும்?"

வழியெல்லாம் நட்டு தன் மனக்குறையைச் சொல்லிக்கொண்டே வந்தான். "டேங்குக்குப் பட்டை அடிக்க கிராதிக்காரன்கிட்ட போனீங்களாமேண்ணே. பல்லு வலிக்குச் செருப்புத் தைக்கிறவன்கிட்ட போன மாதிரி. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

ஏற்றத்தின் பாதியில் வண்டி நின்றது. தம்பி ரோட்டோரக் குழாயிலிருந்து கேன் மூடியில் தண்ணீர் பிடித்துப் பிடித்து ஓடி வந்து கேன்களின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தான். எல்லாக் கேனுக்கும் நனைத்த சாக்கு. சாக்கு பத்தாமல் கடைசிக் கேனுக்குத் தன் சட்டையைக் கழற்றி நனைத்துப் போர்த்தியிருந்தான். வெறும் உடம்போடு நின்றவன் மாமனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நட்டு பில்டரைப் பார்த்தான், பைப்பைப் பார்த்தான். டேங்கிலிருந்து டீசலை இழுக்கிற கைப்பம்பை அடித்துப் பார்த்தான், அது அசையவில்லை. "கல்லு மாதிரி இருக்கு. டேங்குலருந்தே வர மாட்டேங்குது. மூடியத் தொறங்கண்ணே."

"மூடிக்கும் இஞ்சினுக்கும் என்ன இருக்கு?"

"வயித்து வலின்னா வாயைத் தொறன்னுதானே டாக்டரும் சொல்றாரு. தொறங்க."

அவர் சாவியைப் போட்டுத் திருப்பினார். மூடி வரவில்லை. யாரோ உள்ளேயிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. நட்டுவும் சேர்ந்து முறுக்கி இழுக்க, 'ஸ்ஸ்ஸ்'ஸென்று ஒரு சத்தம். அழுது அடங்கின குழந்தை மூச்சை உள்ளே இழுக்குமே, அப்படி நீளமாக டேங்க் காற்றை இழுத்தது. தகரம் எங்கேயோ 'டொப்'பென்று விட்டுக்கொடுத்தது.

நட்டு மூடியைத் திருப்பிப் பார்த்தான். பசையை நகத்தால் கீறினான். வாயிலிருந்த நட்டு தெறித்து விழ, ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தான்.

"எந்த மகராசன் பண்ண வைத்தியம்ணே இது?"

அவன் அவள் பக்கம் திரும்பினான். "அக்கா, எண்ணெய் டின் வாங்கினா ஆணியால எத்தனை ஓட்டை போடுவீங்க?"

"ரெண்டு."

"ஒரு ஓட்டையிலதானே எண்ணெய் வருது. ரெண்டாவது எதுக்கு?"

"ஒண்ணுல காத்து உள்ள போனாத்தான் இன்னொண்ணுல எண்ணெய்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"அதேதாண்ணே. டீசல் இஞ்சினுக்குப் போகப் போக அந்த இடத்துக்குக் காத்து வரணும். கம்பெனிக்காரனே போட்டு அனுப்புற ஓட்டை இது. நீங்க மூக்கைப் பொத்திட்டீங்க. வண்டி பாவம், ஏத்தம்வரைக்கும் தம் கட்டி வந்திருக்கு."

மத்தியானம் அதே துளையை அவள் கண் முன்னால்தான் நீட்டினார். அடுப்படியில் வருஷக்கணக்காக டின்னுக்கு இரண்டு ஓட்டை போடுகிற கை. அப்போது தோன்றியிருந்தால் ஒரு வார்த்தையில் அடங்கியிருக்கும். அவளும் மூக்கால் சிரித்ததோடு சரி.

அவர் மூடியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சரிப்பா, ஓட்டை கம்பெனி ஓட்டை. அப்ப டீசல்? இருபது நாளா அது எப்படிப் போகுது?"

நட்டு மல்லாந்து டேங்குக்கு அடியில் நுழைந்தான். கொஞ்ச நேரம் அவன் கால் மட்டும்தான் தெரிந்தது.

"இப்படிக் கீழ வாங்கண்ணே."

அவர் படுத்துத் தலையை நீட்டினார். அவளும் குனிந்து பார்த்தாள். டேங்கின் அடிப்பக்கம் முழுக்கச் சேறு காய்ந்து ஓடு கட்டியிருந்தது. நடுவில் ஒரு நட்டு. டேங்கின் அழுக்குத் தண்ணீரை வடித்துவிடுவதற்காக வைத்தது. அதைச் சுற்றி மட்டும் துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. ஸ்பானர் உரசி உரசி அதன் மூலையெல்லாம் வெள்ளிக்காசு போல மின்னியது. அடியில் ஒரு சொட்டு டீசல் விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

"வாசலுக்குப் பூட்டு, கிராதி எல்லாம் போட்டீங்க. கொல்லைக் கதவைத் தொறந்து வச்சிட்டீங்களேண்ணே. அடியில ஒரு வாளி வச்சுத் தளர்த்தினா சத்தமே இல்லாம ரொம்பிடும். வண்டி ஆள் இல்லாம எங்க நிக்கும்?"

தம்பிதான் பதில் சொன்னான், நட்டுவைப் பார்த்து. "நான் எங்கயும் விட்டுட்டுப் போறதில்ல. மத்தியானம் டிப்போவுல கூட்டமே இருக்காது. வண்டியில உக்காந்தபடியே பால் கணக்குச் சீட்டு வாங்கிடுவேன்."

காலையில் டிப்போவில் முப்பது வண்டி நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும். இறக்கிவிட்டு, சீட்டு வாங்க வரிசையில் அரைமணி நேரம் நிற்க வேண்டும். வண்டி பின்பக்க முற்றத்தில் தனியாக நிற்கும்.

அவள் கேட்டாள். "ஏங்க, தினமும் சாயங்காலம் குச்சி விட்டுப் பாக்குறீங்களே. காலையில நீங்க வந்ததும் ஒருநாளாவது விட்டுப் பாத்தீங்களா?"

"நான் ஓட்டிட்டு வர்ற வண்டியை நான் எதுக்கு அளக்கணும்?"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. மண்ணில் படுத்தபடியே டேங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

நட்டு துளையைக் கம்பியால் குத்தி ஊதினான், பம்பு அடித்தான். வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. தம்பி ஈரச் சட்டையை உதறி மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கில் ஏறினான். "பால் போகணும்" என்று மட்டும் சொன்னான். பதினாலு கேனில் மூன்றைத் திரிந்துவிட்டதென்று டிப்போவில் திருப்பினார்கள். சட்டை போர்த்தின கேன் தேறிவிட்டது.

மறுநாள் காலை அவர் சீட்டு வரிசையில் வேறொரு வண்டியின் டிரைவரை நிற்க வைத்துவிட்டு, முற்றத்துச் சுவருக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு வாளி இருந்தது.

"யாரு?" என்றாள்.

"டிப்போ முத்தம் கழுவுற ஆளு. தினமும் அண்ணே டீ ஆச்சான்னு கேப்பான். நானும் நல்ல மனுஷன்னு..." அவர் வாளியைத் தரையில் வைத்தார். "வாளி அவன் கையிலயேதானே எப்பவும் இருக்கும். யாருக்குச் சந்தேகம் வரும்?"

"அவனை என்ன பண்ணீங்க?"

"வாளியைப் புடுங்கிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கொண்டு வந்துட்டேன். அவன் வெடவெடன்னு நடுங்குறான். எனக்கு அடிக்கவும் கை வரல. யாரைத் திட்டித் தீத்தோமோ அவன் முகந்தான் முன்னால நிக்குது." வாசல்வரைக்கும் நடந்தார், திரும்பினார். "மாப்ளகிட்ட நீ சொல்லிடேன்."

"என்னன்னு?"

"இந்த மாதிரின்னு."

"எந்த மாதிரி?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"எலின்னு சொன்னப்ப என்னையா கூட்டிட்டுப் போய்ச் சொல்லச் சொன்னீங்க?" என்றாள் அவள். "டீக்கடை அங்கயேதான் இருக்கு. அவனும் அங்கதான் இருக்கான். போங்க."

இரண்டு தடவை செருப்பை மாட்டிக் கழற்றினார். மூன்றாம் தடவை போனார்.

அவள் முற்றத்தில் கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், பேச்சு கேட்கவில்லை. அவர் பெஞ்சுக்கு முன்னால் நின்று கையை ஆட்டிப் பேசினார். ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் சேர்த்து ஊசித்துளை காட்டினார். தன் மூக்கைப் பொத்திக் காட்டினார். தன் நெஞ்சில் தானே தட்டிக்கொண்டார். கடை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். தம்பி தோளில் கை போட்டார். தம்பி அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாப்பிட்டுவிட்டு அவன் கேன் ஏற்ற வந்தான். ஒரு கைக்கு ஒன்றாக இரண்டிரண்டாகத் தூக்கி வைத்தான். எல்லாம் ஏற்றிக் கயிறு கட்டின பிறகு பேசினான்.

"அக்கா, மாசக் கடைசிவரைக்கும் ஓட்டுறேன். மாமா பேசி வச்சிருக்காராமே, அதுக்குள்ள அந்தப் புது டிரைவரை வரச் சொல்லிடு."

"இன்னும் என்னடா? நாலு பேர் முன்னாடி தன் தலையில தானே மண்ணைப் போட்டுக்கிட்டாரே!"

"நல்லாத்தான் சொன்னார். நானே சிரிச்சுட்டேன். எனக்கு அவர் மேல ஒண்ணும் இல்லக்கா. இனிமே யார்கிட்ட வேணா தலை நிமிந்து வேலை கேக்கலாம்."

"அப்புறம் ஏன்?"

அவன் கயிற்று முடிச்சை இழுத்துப் பார்த்தான். "காலையில எழுந்ததும் என்ன பண்ணேன் தெரியுமா? கையை மோந்து பாத்தேன். டீசல் வாசம் அடிக்குதான்னு. மூணு வருஷமா அந்த வாசம் கையிலதான் இருக்கு. ஒருநாளும் மோந்து பாத்ததில்ல."

"எங்க போவ?" என்று கேட்டாள்.

"ரோட்டுக்கா பஞ்சம்? மாமாகிட்ட நீயே பதமாச் சொல்லு." ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தான்.

புகை அடங்குகிறதுக்குள் அவர் வந்துவிட்டார். "என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தானே, என்ன?"

இருபது நாளில் இல்லாத தெளிவு முகத்தில் இருந்தது. கன்னத்தில் இன்னும் டீக்கடைச் சிரிப்பு மிச்சம் இருந்தது.

"பிரேக் கொஞ்சம் இறங்குதாம். நட்டுகிட்ட காட்டணுமாம்" என்றாள்.

"நாளைக்கே காட்டிடலாம். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்." அவர் கையைக் கழுவினார். "சோத்தைப் போடு."

சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். வெளியே தார்ப்பாய் படபடத்தது. தலையைக்கூடத் தூக்கவில்லை. கட்டிலில் சாய்ந்த சுருக்கில் குறட்டை கேட்டது.

அவள் முற்றத்துக்கு வந்தாள். டிப்போவில் திருப்பின மூன்று கேன்கள் மட்டும் வண்டியில் ஏறாமல், கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன. ஒன்றை நிமிர்த்திச் சுடுதண்ணீர் ஊற்றி, தோள்வரைக்கும் கையை விட்டு அடியைத் தேய்த்தாள். அலசிக் கவிழ்த்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அதே கேனை நிமிர்த்தி மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள்.